சொந்த நிலையமா, கல்லூரி வானொலியில் ஒரு மணி நேரமா, வாட்ஸ்அப்பா?

சென்னிமலைத் தைப்பூசத் தேர் நிலைக்கு வந்த அடுத்த வாரம், எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து ஒரு பேச்சைத் தொடங்கினோம். வாய்க்காலில் தண்ணீர் விடும் தேதியிலிருந்து உடுக்கைப் பாட்டு வரை, நம்ம ஊர் விசயத்தை நம்ம பேச்சிலேயே பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே மனம். அது எந்த இடம் என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம். "சமுதாய வானொலி தொடங்கிரலாமுங்க" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர்க்காரர்களே லாப நோக்கில்லாமல் நடத்தும் சிறிய எஃப்எம் நிலையத்தைத்தான் சொன்னார். "இப்ப யாருங்கய்யா ரேடியோ கேக்கறாங்க, வாட்ஸ்அப்புல போட்டா ஊரு பூராவும் போயிருமுங்க" என்றான் ஒரு கல்லூரிப் பையன். விசாரித்து வரும் வேலையை என்னிடம் விட்டார்கள். நாலு மாதம் விதிகளைப் படித்து, ஆட்களைப் பார்த்து, சோதனைக்கு ரெண்டு மூன்று பதிவும் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கோபியிலோ பல்லடத்திலோ ராசிபுரத்திலோ இதே கேள்வியோடு ஒரு குழு உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் உதவும்.

எதில் பேசுவது என்று பார்ப்பதற்கு முன்னால், யார் எப்போது கேட்பார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். முதலில் போனது அத்தை வீட்டுக்கு. அத்தை முப்பது வருசமாகக் கைத்தறியில் போர்வை நெய்கிறவர். தறிக்குழிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி, அதில் நூல் கயிற்றில் கட்டித் தொங்கும் கையகல ரேடியோ. நான் போனபோது பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கால் மிதியில், கை நாடாக் கயிற்றில், பாட்டுக்கும் தறிச் சத்தத்துக்கும் ஒரு சண்டையும் இல்லை. நான் செல்போனில் ஒரு விவசாயப் பேச்சைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் நெய்துகொண்டே கேட்டவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். "பாட்டுன்னா பாதிக் காது போதும் கண்ணு. பேச்சுன்னா காலு நின்னாத்தான் மண்டைக்குள்ள ஏறுது" என்றார்.

அடுத்து ஒரு விசைத்தறிக் கூடத்துக்குப் போனேன். அங்கே வானொலி, செல்போன் ஸ்பீக்கர் எதுவும் எடுபடாது. பக்கத்தில் நிற்கும் ஆளோடு பேசுவதே சைகையில்தான். ஆனால் பாதிப் பேர் காதில் இயர்போன் இருந்தது. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு எஃப்எம் வரும், இயர்போன் ஒயரே அதற்கு ஆன்டெனா. இப்போது வரும் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் எஃப்எம் இல்லை. அவர்களுக்கு வாட்ஸ்அப்பும் யூடியூப்பும்தான் ரேடியோ. ஒரே தெருவில் தறி மாறினால் காதுக்குப் போகும் வழியும் மாறுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வழியையும் பார்த்தேன்.

சொந்த நிலையம் என்பது பத்துப் பேரில் ஆறு பேருடைய ஆசை. என் ஆசையும் அதுதான். அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி வந்தது. 2004 பிப்ரவரி 1இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2006 நவம்பரில்தான் தொண்டு அமைப்புகளுக்கும் வேளாண் நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2008இல் இன்றைய தெலங்கானாவின் மச்னூரில் தலித் உழவர் பெண்கள் 'சங்கம் ரேடியோ' என்ற நிலையத்தைத் தொடங்கினார்கள். அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் முகம்தான் நினைவுக்கு வரும். கொங்கு நாட்டில் எங்களுக்குப் பழக்கமான நிலையங்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகம், பிஎஸ்ஜி கலை அறிவியல் கல்லூரி, பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி என்று வளாகத்துக்குள் இருப்பவை.

சரி, சொந்தமாகத் தொடங்க என்ன வேண்டும்? தனி ஆளோ கட்சியோ விண்ணப்பிக்க முடியாது. அறக்கட்டளை, சங்கம் போன்ற லாப நோக்கில்லாத அமைப்பு வேண்டும், அதுவும் பதிவாகி மூன்று வருசமாவது ஆகியிருக்க வேண்டும். எங்களிடம் திண்ணை மட்டும்தான் இருக்கிறது, பதிவு இல்லை. அதனால் இன்றைக்கு எவ்வளவு ஆசைப்பட்டாலும் விண்ணப்பம் மூன்று வருசத்துக்கு அப்புறம்தான். இந்த ஒரு விதி தெரியாமல் கோபுரத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது எட்டும் தூரம். ஒலிபரப்பும் திறன் பொதுவாக 100 வாட்ஸ், கோபுரத்தின் உயரம் அதிகபட்சம் 30 மீட்டர். சமவெளியில் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை கேட்கும். எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது, குறுக்கே மலை நின்றால் மலைக்குப் பின்னால் நிழல் விழும். 1,320 படி ஏறிப் போகும் சென்னிமலை எங்களுக்கு அப்படித்தான் நிற்கிறது. தெற்கே கோபுரம் வைத்தால் மலைக்கு வடக்கே இருக்கிற ஒரம்பரைக்கு, அதாவது சொந்தக்காரர்களுக்கு, கேட்பது சந்தேகம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கோபுரம் இல்லை, தினப்படி வேலை. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்து அங்கேயே தயாரித்ததாக இருக்க வேண்டும். அருமையான விதி, அதற்காகத்தானே சமுதாய வானொலி. ஆனால் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஒலிபரப்பினால் ரெண்டு மணி நேரம் நாமே தயாரிக்க வேண்டும், வாரத்துக்குப் பதினாலு மணி நேரம். நாங்கள் சோதனைக்குப் பதிவு செய்த நாற்பது நிமிடப் பேச்சை வெட்டி ஒட்டிக் கேட்கும்படி ஆக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. தோட்டமும் தறியும் வேலையும் வைத்திருக்கிற பத்துப் பேரால் இது முடியுமா?

பணக்கணக்கையும் பார்த்துவிடுவோம். 2024 பிப்ரவரியில் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகவும், விளம்பரக் கட்டணத்தை 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். 12 நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய் வரும். ஆனால் நம் கடைவீதியில் எந்த ஜவுளிக்கடையும் எந்தப் பாத்திரக்கடையும் தினமும் அந்த நிமிடங்களை நிரப்பப் போவதில்லை. ஒலிபரப்பி, கோபுரம், சத்தம் புகாத அறை, கரண்ட் போனால் ஜெனரேட்டர் என்று செலவு லட்சக்கணக்கில் போகும். அதே 2024 விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றும் இருக்கிறது. நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எங்கள் திண்ணையில் அன்றைக்கு உட்கார்ந்த பத்துப் பேரில் ரெண்டு பேர்தான் பெண்கள். உரிமம் வாங்குகிறோமோ இல்லையோ, இதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

பிறகு, எதைப் பேசலாம் என்பது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க முடியாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், உள்ளூர் மொழியிலும் சொல்லலாம். அரசியல் சார்ந்த நிகழ்ச்சிக்கு இடமில்லை. மின்தடை, குடிநீர், வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, நோய் எச்சரிக்கை எல்லாம் சொல்லலாம். அப்படியானால் எங்கள் ஊரின் முதல் பேச்சான வாய்க்கால் எந்தப் பக்கம் சேரும்?

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பவானிசாகரிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. ஒரு போகம் பாதி நிலத்துக்கு, அடுத்த போகம் மீதிப் பாதிக்கு என்று மதகு முறை வைத்திருக்கிறார்கள். 2020இல் சுமார் 710 கோடி ரூபாயில் வாய்க்காலைச் சீரமைக்க, கான்கிரீட் போட அரசாணை வந்தது முதல் ஊர் ஊராகப் பிளவு. கான்கிரீட் போட்டால் கசிவு நின்று கிணறு வற்றும் என்பது ஒரு பக்கம். கசிவை நிறுத்தாமல் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது என்பது மறுபக்கம். எங்கள் சோதனைப் பதிவுக்கு ஒரு மாமனாரையும் மருமகனையும் உட்கார வைத்தோம். மருமகன் கசிவு நீரில் தென்னை வைத்திருப்பவர், மாமனாருடைய பூமி கடைமடையில். கூட்டம் போட்டால் எதிரெதிர் வரிசையில் நிற்கிறவர்கள்.

"எங்க கெணத்துக்கு ஊத்தே வாய்க்காக் கசிவுதானுங் மாமா. கான்கிரீட் போட்டுட்டாத் தென்னையை என்னங்க பண்றது?" என்று மருமகன் கேட்டார். மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பதிவில் அந்த இடத்தில் ஒரு ஆடு கத்துவது மட்டும் கேட்கும். அப்புறம், "மாப்பிள்ளைங்க சொல்றது வாஸ்தவந்தான். ஆனா எங்களுக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள வாய்க்கா அடைக்கற தேதி வந்துருதுங்களே" என்றார். இப்படி ஒருத்தர் முடிக்கும் வரை இன்னொருத்தர் காத்திருந்து பேசியதை நான் எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. நமக்கு வேண்டிய பேச்சு இதுதான். இது எந்த வழியில் முழுசாக ஊர்க் காதுக்குப் போகும் என்பதுதான் மற்ற வழிகளை நான் அளந்த அளவுகோல்.

வாட்ஸ்அப்பில்தான் முதலில் போட்டோம். செலவே இல்லை. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். அரை மணி நேரப் பேச்சைச் சாதாரணத் தரத்தில் சுருக்கினால் பதினாலு எம்பிதான் வரும். மறுநாள் காலைக்குள் பெங்களூரில் வேலை பார்க்கிற பையன்கள் வரை கேட்டுவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்களும் குரலில் பதில் அனுப்பினார்கள். ஒரு பாட்டி தன் காலத்தில் வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்ததைச் சொல்லி அனுப்பிய ரெண்டு நிமிடம் அந்தப் பதிவைவிட நன்றாக இருந்தது. ஆள் திருப்பிப் பேசுவதில் வாட்ஸ்அப்பை எதுவும் மிஞ்சாது.

ஆனால் மூன்றாம் நாள் யாரோ அதிலிருந்து மருமகனின் ஒரு கேள்வியை மட்டும் அரை நிமிடம் வெட்டி, மாமனாரின் பதில் இல்லாமல், வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்கள். "கடைமடைக்காரன் எப்படிப் போனா இவனுக்கென்ன" என்று அதற்குத் தலைப்பு வேறு. ஒரு வாரம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நாங்கள் பத்துப் பேரும் போய்க் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்ட பிறகுதான் சரியானது. நம்பி வாயைத் திறந்தவர்களுக்கு நாங்கள் செய்த தீங்கு அது. ஊர்ப் பிரச்சினையை முதன்முதலில் வெளியிடும் இடமாக வாட்ஸ்அப்பை இனி வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

செல்போனிலேயே இன்னொரு வழியும் இருக்கிறது. சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வராவில், பட்டன் போனில் ஓர் எண்ணைக் கூப்பிட்டுத் தன் ஊர்ச் சேதியைப் பதிவு செய்யலாம், மற்றவர்கள் சொன்னதையும் கேட்கலாம். கேட்டுப் பார்த்து, சரிபார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். நடுவில் ஒரு பொறுப்பான ஆள் இருப்பதால் வெட்டி ஒட்டும் வேலை குறைவு. நாலாவது வருசத்தில் எங்களுக்கு இது பொருந்தலாம், இப்போது அதற்கான கைகள் இல்லை.

கலைக்கு வருவோம், ஏனென்றால் எங்கள் குழுவில் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்தவர்கள். 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, பொன்னர் சங்கர் கதை என்றும் சொல்லும் அண்ணன்மார் கதையை உடுக்கையோடு பாடக் கேட்டு ராவு ராவாக டேப்பில் பதிந்தார். கடல் கடந்து வந்தவர் செய்ததை, மூன்று கல் தொலைவில் இருக்கும் நாம் நம் காலத்துப் பாடகர்களுக்குச் செய்யவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். இந்தக் கதையை அரை நிமிடத் துண்டாகக் கேட்டால் ஒன்றுமே விளங்காது. வாரம் ஒரு மணி நேரம், தொடர்ந்து, போன வாரம் விட்ட இடத்திலிருந்து என்று கேட்டால்தான் கதை ஏறும். அதற்கு வானொலிதான் சரி. வள்ளி கும்மிக்கு இது பொருந்தாது. நூறு பேர் வட்டமாகத் திரும்புவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், வானொலியில் வாத்தியார் பாட்டும் கால் சத்தமும் மட்டும்தான் மிஞ்சும். அதை யூடியூப்பில் போடுவதில் எனக்கு இரண்டு யோசனை இல்லை.

ஆகாசவாணியைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆடுதுறை 27 என்ற நெல்லை வானொலியில் கேட்டு நட்டதால் தஞ்சைப் பக்கம் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வந்தது, அவ்வளவு வலிமை. கோவை நிலையம் பல மாவட்டத்துக்குப் பேசுவது. அங்கே எங்கள் ஊருக்கு வருசத்தில் ஒரு நாள் கிடைத்தால் சந்தோசம், வாரம் ஒரு நாள் கேட்பது நியாயமாகாது. கோயில் குழாய் ஸ்பீக்கர் சாவுச் சேதிக்கும் குடிநீர் அறிவிப்புக்கும் போதும். படிக்கிற பிள்ளைகள் இருக்கிற ஊரில் அதில் ஒரு மணி நேரம் விவாதம் நடத்தக் கூடாது.

மிஞ்சுவது கல்லூரி வானொலியில் வாரம் ஒரு மணி நேரம். உரிமம் அவர்களுடையது, கோபுரம், கருவி, அறை எல்லாம் தயாராக இருக்கிறது. உள்ளூர் மக்கள் பங்கெடுக்க வேண்டும் என்ற விதியால் அவர்களுக்கும் நம்மைப் போன்றவர்கள் தேவை. நான் பார்த்துப் பேசிய ஒரு நிலையத்தில் மரியாதையாக உட்கார வைத்துக் காபி கொடுத்துப் பேசினார்கள். மூன்று இடத்தில் மட்டும் உரசியது.

ஒன்று, பேச்சு. "ஏனுங்", "அக்கட்டால", "பொழுதோட" என்று பேசுவது எல்லோருக்கும் புரியுமா என்று ஒரு மாணவர் கேட்டார். யாருக்காக ஒலிபரப்புகிறோம் என்று திருப்பிக் கேட்டேன். நிலையத்தைச் சுற்றி 15 கிலோமீட்டருக்குள் இந்தப் பேச்சு புரியாத வீடு மிகக் குறைவு. உள்ளூர் பேச்சுக்கு விதியே இடம் கொடுக்கிறது என்றதும் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு, காலம். தேர்வும் விடுமுறையும் வந்தால் மாணவர்கள் இருக்க மாட்டார்கள், மறு ஒலிபரப்புதான் ஓடும். பங்குனி, சித்திரையில்தான் நமக்கு மாரியம்மன் பண்டிகை, கம்பம் நட்டு ஆடுவது, உடுக்கை எல்லாம். ஆக அந்த ரெண்டு மாதப் பதிவை நாமே முன்கூட்டி முடித்துக் கொடுக்க வேண்டும்.

மூன்று, வாய்க்கால். தண்ணீர் திறக்கும் தேதி, மதகு முறை, பயிர் யோசனை எல்லாம் தாராளமாகப் பேசலாம், கான்கிரீட் வேண்டுமா வேண்டாமா என்பதை யோசித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, உரிமம் அவர்கள் பெயரில் இருக்கிறது. 1992இல் பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகி, 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரைக்கும் நடந்தது எங்கள் கண் முன்னால்தான். கடைசி வரை ஊர்க்காரர்கள் பேச ஒரு மைக் இல்லை. அதை நினைக்கும்போது ஒரு நிலையம் தயங்குகிறது என்பதற்காகப் பேச்சையே விட்டுவிட முடியவில்லை.

அதனால் நான் குழுவுக்குச் சொல்வது இது. கல்லூரி வானொலியில் வாரம் ஒரு மணி நேரத்தை ஒரு வருசத்துக்கு எடுத்துக்கொள்வோம். அண்ணன்மார் கதை, தறி, கால்நடை, மருத்துவ முகாம், வாய்க்கால் தேதி எல்லாம் அதில். கான்கிரீட் மாதிரி ஊர் பிளந்து நிற்கும் விசயத்துக்கு மாதம் ஒரு முறை நூலகத் திண்ணையில் ஆளை நேரில் கூட்டி, ரெண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசுவோம். அதன் பதிவை, பேசியவர்கள் முழுசாகக் கேட்டுச் சம்மதம் சொன்ன பிறகு, வெட்டாமல் யூடியூப்பில் வைப்போம். வாட்ஸ்அப்பில் இணைப்பையும் நேரத்தையும் மட்டும் அனுப்பி, கேட்டவர்களின் குரல் பதிலை வாங்கி அடுத்த வாரம் வானொலியில் சேர்ப்போம்.

கல்லூரியோடு எழுதும் தாளில் ரெண்டு விசயம் கட்டாயம் இருக்க வேண்டும். பதிவின் மூலப் பிரதி ஒன்று நம்மிடமும் ஒன்று பாடியவரிடமும் இருக்கும், உடுக்கைக்காரருக்கு ஒவ்வொரு பதிவுக்கும் நாம் பணம் கொடுப்போம். இலவசமாகப் பாடச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

கூடவே அறக்கட்டளையை இந்த மாதமே பதிவு செய்துவிடலாம். மூன்று வருசக் கணக்கு அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும். அதற்குள் வாரம் ஒரு மணி நேரத்தைத் தவறாமல் நிரப்பிக் காட்டினால், சொந்த நிலையத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று அப்போது தைரியமாக உட்கார்ந்து பேசலாம். அறங்காவலர்கள் எட்டுப் பேர் என்றால் நாலு பேர் பெண்கள்.

அந்த நாலு பேரில் ஒருவராக இருக்க அத்தையைக் கேட்கப் போனேன். ராத்திரி எட்டு மணிக்குக் கல்லூரியில் நேரம் தருவதாகச் சொல்கிறார்கள் என்றேன். அவர் நாடாவை நிறுத்திவிட்டு, "எட்டு மணிக்கு ஆருங் கண்ணு கேப்பா, சீரியல் ஓடற நேரம். மத்தியானம் சோறுண்டுட்டு ரெண்டு மணிக்குத் தார் சுத்த உக்காருவோம். அப்ப மிதி சும்மாதான் கெடக்கும். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கு, நான் வாரேன்" என்றார். நாளைக்குக் கல்லூரிக்குப் போய் ரெண்டு மணியைக் கேட்கப் போகிறேன்.